செப்பலும் அகவலும்: மேடைப் பேச்சின் ஓசை பற்றிய ஒரு நோக்கு

பேச்சுத்திறனை வளர்த்துக்கொள்வது எவ்வாறு எனக் கற்பிக்கும் கைந்நூல்கள் தமிழிற் பல வெளிவந்துள்ளன. குரலை எங்கு உயர்த்துவது, எங்கு தாழ்த்துவது, எந்தச் சொல்லுக்கு முன்னர் நிறுத்துவது, மூச்சை எவ்வாறு பேணுவது என்பனவற்றை அவை விளக்குகின்றன. அவ்விளக்கங்கள் பயனற்றவை அல்ல. ஆயினும் அவை ஓசையைப் பேசுபவரின் தனித்திறமையாக மாத்திரமே கொள்கின்றன. எவர் எவருக்குப் பேசுகின்றார், எத்தகைய வரலாற்றுச் சூழலிற் பேசுகின்றார், கேட்போர் அவர்முன் எந்த நிலையில் வைக்கப்படுகின்றனர் என்னும் வினாக்கள் அங்கு எழுவதில்லை. மறுபுறத்தில், முற்போக்குச் சிந்தனையாளர் பலர் பேச்சின் ஓசையை வெறும் அலங்காரமென ஒதுக்கிவிடுகின்றனர். உள்ளடக்கம் சரியாயின் உருவம் தானே அமையும் என்பது அவர்தம் எண்ணம். இவ்விரு நோக்குகளும் எதிரெதிரானவை போலத் தோன்றினும், ஓசையைச் சமுதாய உறவினின்றும் பிரித்துவிடுவதில் ஒன்றுபடுகின்றன. பேசுவோருக்கும் கேட்போருக்கும் இடையே நிலவும் உறவே பேச்சின் ஓசையில் வடிவம் பெறுகின்றது என்பதும், எனவே ஓசையை ஆராயாத விமரிசனம் அரசியலையும் முழுமையாக ஆராய்ந்ததாகாது என்பதும் இக்கட்டுரையில் நாம் நிறுவ முற்படும் கருத்துகளாகும்.

இக்கருத்துக்கு வேண்டிய தொடக்கம் தமிழ் இலக்கண மரபிலேயே உள்ளது. எழுத்தொலியின் கால அளவாகிய மாத்திரையைக் கண்ணிமைத்தலையும் கைந்நொடித்தலையும் கொண்டு தொல்காப்பியம் வரையறுக்கின்றது. மனித உடலின் இயல்பான அசைவே அங்கு அளவுகோலாகின்றது. பாக்களின் ஓசைகளுக்கு மரபு வழங்கிய பெயர்களும் கருதத்தக்கவை. வெண்பாவுக்குச் செப்பல், ஆசிரியப்பாவுக்கு அகவல், கலிப்பாவுக்குத் துள்ளல், வஞ்சிப்பாவுக்குத் தூங்கல் என்பன அவை. இவற்றுட் பின்னைய இரண்டும் அசைவைக் குறிப்பன. முன்னைய இரண்டுமோ பேச்சின் செயலைக் குறிப்பன. அகவல் என்பது அழைத்தல். செப்பல் என்பது விடை கூறுதல். கிளவியாக்கத்திற் செப்பும் வினாவும் இணைத்தே பேசப்படுகின்றன. அழைப்பவர்முன் பலர் கூடுகின்றனர். செப்புபவர்முன் வினாவுபவர் ஒருவர் இருக்கின்றார். ஓசையின் பெயரிலேயே கேட்போரின் நிலையும் உள்ளடங்கியிருத்தலை இங்குக் காண்கின்றோம். யாப்பியலார் பாவகைகளுக்குக் கூறிய இச்சொற்களை மேடைப் பேச்சை விளக்கும் கருவிகளாக நாம் இங்கு விரித்துப் பயன்படுத்துகின்றோம்.

பண்டைய நூலோர் சொல்வன்மையை எந்தச் சமுதாயத் தளத்தில் வைத்தனர் என்பதையும் நோக்குதல் வேண்டும். திருக்குறளிற் சொல்வன்மை, அவையறிதல், அவையஞ்சாமை ஆகிய அதிகாரங்கள் அமைச்சியலில் இடம்பெறுகின்றன. சொல்வன்மை அமைச்சனின் பண்பு. அவன் பேசும் அவை அரசனும் அறிஞரும் அமர்ந்த சிற்றவை. கிரேக்கத்தில் நிலைமை வேறுபட்டிருந்தது. அங்குக் குடிமக்கள் பேரவையும் நீதிமன்றங்களும் பேச்சுக்கலையின் களங்களாயின. அடிமைகளும் பெண்களும் அவற்றுக்குப் புறம்பே நிறுத்தப்பட்டிருந்தனர். அக்களங்களைக் கருத்திற் கொண்டே அரிஸ்டோட்டில் தமது பேச்சுக்கலை நூலின் மூன்றாம் பகுதியிற் குரலின் அளவு, ஏற்ற இறக்கம், சந்தம் ஆகிய மூன்றையும் எடுத்துரைக்கின்றார். பேச்சுக்குச் சந்தம் வேண்டும், ஆனால் யாப்பு ஆகாது என்பது அவர் முடிபு. யாப்பு அமைந்துவிடின் பேச்சு செயற்கையாகத் தோன்றி நம்பிக்கையை இழக்கும். கேட்போரின் கவனமும் பொருளை விட்டு, அடுத்த ஒலி எப்போது மீண்டும் வரும் என்பதிலே சென்றுவிடும் என அவர் காரணம் கூறுகின்றார். பின்னர் நாம் நோக்கவிருக்கும் அடுக்குமொழி பற்றிய வினாவுக்கு இக்கூற்று மிக நெருங்கியது.

சந்தத்தின் தோற்றத்தைத் தேடுவோர் உழைப்பை வந்தடைகின்றனர். 1945ஆம் ஆண்டில் வெளிவந்த ‘மார்க்சியமும் கவிதையும்’ என்னும் சிறுநூலில் ஜோர்ஜ் தொம்சன், கூட்டுழைப்பின் உடலசைவினின்றே சந்தம் பிறந்தது என வாதிட்டார். பேராசிரியர் கைலாசபதி பேர்மிங்காமில் அவரிடம் ஆய்வு செய்தவர் என்பதால் இக்கருத்து ஈழத்துத் தமிழ் விமரிசனத்துக்குப் புதியதன்று. ஆயினும் அது பெரும்பாலும் கவிதையின் தோற்றத்தை விளக்கவே பயன்படுத்தப்பட்டது. பேச்சுக்கும் அது பொருந்தும். எமது கரையோரங்களில் வலையிழுப்போர் பாடிய அம்பாப் பாடலை எடுத்துக்கொள்வோம். ஒருவர் அடியெடுத்துக் கொடுக்கப் பலர் ஏற்றுப் பாடுகின்றனர். ஒரு குரலுக்கும் அடுத்த குரலுக்கும் இடைப்பட்ட கணத்திலேயே வலை இழுபடுகின்றது. பாடலில் இடைவெளியாக இருப்பது தொழிலில் நிறைவான கணமாகும். மேடையிற் பேசுபவர் நிறுத்தும் இடமும் இத்தகையதே. அக்கணத்திலே கேட்பவர் தமது வேலையைச் செய்கின்றார்: கூறப்பட்டதைத் தம் அனுபவத்தோடு ஒப்பிடுகின்றார், ஏற்கின்றார் அல்லது மறுக்கின்றார். அந்நேரத்தைப் பறித்துக்கொள்ளும் பேச்சு, எத்துணை இனிமையாக ஒலிப்பினும், கேட்பவரின் பங்கையே பறித்துக்கொள்கின்றது.

தமிழிற் பொதுமக்களை நோக்கிய உரைநடைப் பேச்சு தோன்றிய வரலாற்றில் யாழ்ப்பாணத்துக்குச் சிறப்பிடம் உண்டு. 1847ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் திகதி வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் ஆறுமுக நாவலர் தமது முதற் பிரசங்கத்தை நிகழ்த்தினார். அதற்கு முன்னர் கோயில்களில் நிலவியது புராணபடனம். ஒருவர் செய்யுளை வாசிக்க மற்றொருவர் பயன் சொல்லும் அம்மரபில் ஓசை செய்யுளுக்கே உரியதாக இருந்தது. மெதடிஸ்த மிஷனில் பேர்சிவல் பாதிரியாருடன் பணியாற்றிய நாவலர், கிறித்தவப் பிரசங்கத்தின் வடிவத்தைச் சைவத்தின் பாதுகாப்புக்குக் கையாண்டார். செய்யுளின் துணையின்றி, உரைநடையே தன் ஓசையால் ஓர் அவையைப் பிடித்து நிறுத்தவேண்டிய தேவை அங்கு எழுந்தது. அமெரிக்க மானிடவியலாளர் பேர்னாட் பேற் தமிழ் மேடைப் பேச்சு பற்றி எழுதி, அவர் மறைவின் பின் 2021ஆம் ஆண்டில் வெளிவந்த நூல், இம்மாற்றத்தின் முக்கியத்துவத்தை உணர்த்துகின்றது. ஆனால் அப்பிரசங்கம் யாருக்கு எட்டியது என்பதையும் கூறாதுவிடல் நேர்மையாகாது. சாதியாசாரத்தை நாவலர் வலியுறுத்தியவர். அக்காலக் கோயில் வாயில்களும் எல்லாருக்கும் திறந்திருக்கவில்லை. புதிய ஓசை பிறந்தது, ஆனால் அதைக் கேட்கும் அவை பழைய எல்லைகளுக்குள்ளேயே அமைந்தது.

அவ்வெல்லைகளைத் தகர்த்தது தொழிலாளர் இயக்கமே. 1908ஆம் ஆண்டில் தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளரிடையே வ. உ. சிதம்பரம்பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் ஆற்றிய உரைகள், அரசு அவர்கள்மீது தொடுத்த வழக்கிற் குற்றத்துக்குச் சான்றாக வைக்கப்பட்டன. பேச்சின் ஆற்றலை அதன் பகைவர் சரியாகவே மதிப்பிட்டிருந்தனர். 1918ஆம் ஆண்டில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியபோது, அதன் தலைவர் வாடியா ஆங்கிலத்திற் பேசுபவராக இருக்க, ஆலைத் தொழிலாளரிடம் தமிழிற் பேசும் பொறுப்பு திரு. வி. கலியாணசுந்தரனாரைச் சார்ந்தது. யாழ்ப்பாணத்துக் கதிரைவேற்பிள்ளையிடம் தமிழ் கற்ற அவர், தம் ஆசிரியரின் புலமை நடையைத் தொழிலாளர் முன் அப்படியே கொண்டுசெல்லவில்லை. அவர் உரைநடையிற் பெயர்பெற்ற சிறுசிறு வாக்கியங்களும் அடுத்தடுத்த வினாக்களும் கேட்போரை விடைகூறத் தூண்டுவன. வினாவுக்கு இடமளிக்கும் செப்பலோசையின் பண்பினை இங்கு நாம் தெளிவாகக் காண்கின்றோம்.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஒலிபெருக்கியும் பேசும்படமும் பரவலானபோது நிலைமை மேலும் மாறியது. திராவிட முன்னேற்றக் கழகம் 1949ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டது. அதே ஆண்டில் அண்ணாதுரையின் ‘வேலைக்காரி’ திரைப்படமாயிற்று. 1952ஆம் ஆண்டில் கருணாநிதியின் வசனத்தோடு ‘பராசக்தி’ வெளிவந்தது. அடுக்குமொழி எனப்படும் நடை மேடையையும் திரையையும் ஒருங்கே ஆட்கொண்டது. எதுகையும் மோனையும் உரைநடைக்குள் இறங்கிவந்தன. அண்ணாதுரையின் குரல் சற்றுக் கரகரப்பானது என்பது இங்கு நினைவுகூரத்தக்கது. இனிய குரல் பேச்சாளரை ஆக்குவதில்லை என்பதற்கு அவரே போதிய சான்று. இந்நடையை வெறும் சொற்சிலம்பமென ஒதுக்குதல் எளிது. ஆனால் அது வரலாற்றுக்கு மாறானது. புலவர்களின் உடைமையாக இருந்த செந்தமிழோசையைப் பள்ளிக்கூடம் காணாத மனிதனும் தெருமுனையிற் செவிமடுத்துத் தனதாக உணர்ந்தான். அந்த உணர்வில் ஜனநாயக அம்சமொன்று இருந்தது. அதன் எல்லையும் அங்கேயே இருந்தது. அடுத்த எதுகையை எதிர்நோக்கும் செவி வாதத்தின் அடுத்த படியை எதிர்நோக்குவதில்லை. கைதட்டும் இடம் ஓசையிலேயே முன்கூட்டிக் குறிக்கப்பட்டுவிடுகின்றது. கேட்பவர் அழைக்கப்படுகின்றார், கூடுகின்றார், ஆர்ப்பரிக்கின்றார், ஆனால் வினாவுவதில்லை. அகவல் செப்பலை விழுங்கிவிடுகின்றது.

அதே மரபின் மூலவரான பெரியாரின் பேச்சு முற்றிலும் வேறான ஓசையுடையது. 1932ஆம் ஆண்டில் ஐரோப்பியப் பயணத்தினின்றும் திரும்பும் வழியிற் கொழும்பிலும் அவர் உரையாற்றினார். அவரது நடை பேச்சுவழக்கைச் சார்ந்தது, நீண்டது, அடுக்கற்றது. தாம் கூறுவதை அப்படியே நம்பிவிடாது சிந்தித்து முடிவுசெய்யுமாறு அவர் கேட்போரை மீண்டும் மீண்டும் வேண்டினார். அவ்வேண்டுகோளின் அரசியல் அவருடைய நிதானமான, உரையாடலை ஒத்த ஓசையிலும் இருந்தது. இவ்விரு நடைகளையும் ஒப்பிடும்போது, ஓர் இயக்கத்துக்குள்ளேயே கேட்போரைப் பற்றிய இருவேறு கருத்துகள் இருவேறு ஓசைகளாக வெளிப்பட்டமை புலனாகும்.

இவ்விடத்தில் தமிழ் வாக்கிய அமைப்புப் பற்றியும் சிறிது கூறவேண்டும். தமிழிற் பயனிலை பெரும்பாலும் இறுதியில் வருகின்றது. உடன்பாடும் எதிர்மறையும் அதிலேயே வெளிப்படுகின்றன. ‘நிருவாகம் முன்வைத்த இக்கூலி உயர்வை நாம் ஏற்றுக்கொள்’ என்பது வரை கேட்டவருக்கு முடிவு தெரியாது. ‘கின்றோம்’ என்பதா ‘ளவில்லை’ என்பதா என்பதிலேயே போராட்டம் நிறுத்தப்படுகின்றதா தொடர்கின்றதா என்பது தங்கியுள்ளது. பேசுவோர் பலர் வாக்கியத்தைப் பெருங்குரலில் தொடங்கி, மூச்சுக் குறையக் குறைய இறுதியை விழுங்கிவிடுகின்றனர். கடைசி வரிசையில் நிற்பவருக்குப் பொருள்கள் கேட்கின்றன, தீர்மானம் கேட்பதில்லை. பயனிலை வரை குரலைத் தாங்கிச்செல்லுதலும், நீண்ட வாக்கியத்தை மூச்சின் அளவுக்கேற்பப் பிரித்தலும், எதிர்மறையைத் தெளிவாக ஒலித்தலும் அழகியல் நுணுக்கங்கள் மாத்திரமல்ல. தீர்மானத்திற் கேட்போருக்குள்ள பங்கை உறுதிசெய்யும் வழிகளும் அவையே.

ஈழத்து அனுபவமும் இதையே உணர்த்துகின்றது. 1931ஆம் ஆண்டில் மலையகத் தோட்டத் தொழிலாளருக்கெனத் தொழிற்சங்கமொன்றை அமைத்த கோ. நடேசய்யர் நடத்திய கூட்டங்களில், அவருடைய துணைவியார் மீனாட்சியம்மாள் பாரதி பாடல்களையும் தாம் இயற்றிய பாடல்களையும் பாடினார். துரைமாரின் கட்டளையையும் கங்காணிமாரின் அதட்டலையும் நாள்தோறும் கேட்டுப் பழகிய செவிகளுக்குத் தம்மை மனிதராக மதித்து அழைக்கும் குரல் முதலில் தேவைப்பட்டது. பாடல் அவர்களை ஒன்றுகூட்டியது; பேச்சு அவர்களின் நிலைமையை விளக்கியது. அகவலும் செப்பலும் ஒன்றையொன்று துணைகொண்டு நின்ற தருணம் அது. இதற்கு மாறாக, 1976ஆம் ஆண்டின் வட்டுக்கோட்டைத் தீர்மானத்தையும் 1977ஆம் ஆண்டின் பொதுத்தேர்தலையும் சூழ்ந்த மேடைகளில், தமிழகத்தினின்றும் வந்த அடுக்குமொழியின் வேகம் மேலோங்கியிருந்தது. தலைவர்களின் நெற்றியில் இளைஞர் இரத்தத் திலகமிட்ட காலம் அது. ஒடுக்குமுறை உண்மையானது, மக்களின் கொதிப்பும் நியாயமானது. ஆனால் எந்த வழியில், எந்தச் சக்திகளோடு, என்ன விலைகொடுத்து என்னும் வினாக்களுக்கு அம்மேடைகளின் ஓசையில் இடைவெளி விடப்படவில்லை. அவ்வினாக்கள் பின்னர் மேடைக்கு வெளியே, மிகக் கொடிய முறையில், அந்த இளைஞர்களின் வாழ்விலேயே எழுந்தன.

அக்காலத்து இடதுசாரி அணியிற் சிறந்த பேச்சாளர் இருக்கவில்லை என்பது எமது கருத்தன்று. தமிழகத்தில் ஜீவானந்தம் கம்பனையும் பாரதியையும் பொதுவுடைமை மேடையில் முழங்கினார். எனினும் அத்தகையோரின் ஆற்றல் அவர்களுடைய தனிச்சிறப்பாகப் போற்றப்பட்டதேயன்றி, கற்றுக் கையளிக்கத்தக்க மரபாக வளர்க்கப்படவில்லை. விளைவாக, இன்றும் முற்போக்குக் கருத்தரங்குகளிற் கட்டுரைகள் தாழ்ந்த தலையோடு, ஒரே சுருதியில், கடிகாரத்துக்கு அஞ்சி வாசிக்கப்படுகின்றன. கேட்போரைப் பொருட்படுத்தாத ஓசை அதுவும். கைதட்டலை மாத்திரம் எதிர்பார்க்கும் அடுக்குமொழி மக்களைக் கூட்டமாக்குகின்றது. ஒருவரையும் எதிர்பாராத வாசிப்பு மக்களை இல்லாதவராக்குகின்றது. முன்னதை வெறுத்துப் பின்னதைத் தழுவுவோர், மேடையை முன்னதற்கே விட்டுக்கொடுக்கின்றனர்.

ஆகவே, ஓசையும் குரலும் பயிலப்படவேண்டியவை. பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் விவாதப் போட்டிகளிற் சொல்லழகுக்குப் புள்ளியிடுவதோடு அமையாது, எமது மேடைகளின் ஒலிப்பதிவுகளைச் சேகரித்து, அவற்றின் நிறுத்தங்களையும் வினாக்களையும் வாக்கிய இறுதிகளையும் ஆராய்தல் பயன்தரும். வயலிலும் கடலிலும் தோட்டத்திலும் வளர்ந்த அழைப்பும் மறுமொழியும் அவ்வாய்வின் அடித்தளமாக அமையலாம். பேச்சைப் பயில்பவர் தம் குரலைக் கேட்டுப் பழகுவது போலவே, தாம் நிறுத்துமிடத்தில் எதிரே இருப்பவர் என்ன செய்கின்றார் என்பதையும் கவனித்துப் பழகவேண்டும். அழைக்கத் தெரிந்தவர்கள் எம்மிடையே பலர் இருந்தனர். அழைப்பை ஏற்று வந்தவர்கள் எழுந்து வினாவும்போது, அவ்வினாவைக் கேட்டுச் செப்பத் தெரிந்தவர்களே இன்று தேவைப்படுகின்றனர்.