வளைவுக்குள் ஒரு பைக்குழல்: யாத்திரைக் குறிப்புகளில் காணாமல் போகும் ஆள்

சான்டியாகோ பாதயாத்திரை (கமீனோ) பற்றிய புத்தகங்கள், வலைப்பதிவுகள், யூடியூப் வீடியோக்கள் என்று கொஞ்ச நாளாகப் படித்தும் பார்த்தும் வருகிறேன். கடைசிப் பக்கம் வந்தால் பெரும்பாலும் ஒரே காட்சிதான்: ஒரு கல் வளைவு, உள்ளே பைக்குழல் சத்தம், எழுதியவர் கண்ணில் தண்ணீர். சத்தத்தைப் பற்றி ஒரு பத்தி இருக்கும். வாசிக்கிற ஆளைப் பற்றி ஒரு வரி இருக்காது. என் புகார் அதுதான்.

முதலில் இடம். ஸ்பெயினின் வடமேற்கு மூலையில், கலீசியா பகுதியில் இருக்கிறது சான்டியாகோ தே கொம்போஸ்தெலா. நடந்து வருகிறவர்களில் பலர் பேராயர் மாளிகைக்கு அடியில் உள்ள வளைவுக்குள் படியிறங்கி ஒப்ரதோய்ரோ சதுக்கத்துக்கு வருவார்கள். சதுக்கத்தின் நடுவுக்குப் போய்த் திரும்பிப் பார்த்தால்தான் பேராலயத்தின் முகப்பு முழுசாகத் தெரியும். அதாவது, கோயிலைக் கண் பார்ப்பதற்கு முன்னாடியே காது இசையைக் கேட்டுவிடும். "வந்து சேர்ந்துட்டோம்" என்று முதலில் சொல்வது அந்த இசைதான்.

வாசிப்பது கைத்தா என்கிற கலீசியப் பைக்குழல். தோல்பையில் காற்றை நிரப்பி, அக்குளில் இடுக்கி அழுத்தி வாசிப்பது. ஒரு குழலில் மெட்டு. தோளில் சாயும் இன்னொரு நீளக் குழலில் விடாத ஒரே சுருதி. நாதஸ்வரத்துக்கு ஒத்து ஊதுகிறவரையும் இவரே தோளில் தூக்கிக்கொண்டிருக்கிறார்னு வைச்சுக்கலாம். மூடின கல் கூரையில் அந்தச் சுருதி மோதித் திரும்பிப் பெருசாகும். மழை அதிகம் பெய்கிற ஊரில் தலைக்கு மேல் கூரையும் கிடைக்கிறது. நடந்து வருகிற கூட்டத்தில் பலரும் அந்த வழியாத்தான் போவார்கள். தொழில் தெரிந்தவர் தேர்ந்தெடுத்த இடம் அது. பயணக் குறிப்புகளோ "எங்கிருந்தோ மிதந்து வந்த இசை" என்று எழுதுகின்றன. எங்கிருந்தோ இல்லை, படிக்கட்டு ஓரத்திலிருந்து.

நானும் சாரியா ஊரிலிருந்து, கிட்டத்தட்ட 115 கிலோமீட்டர் நடந்து அந்த வளைவுக்கு வந்தவன்தான். இப்போதும் நினைவில் இருப்பது மெட்டு அல்ல. ஒரு பாட்டு முடிந்ததும் அவர் பையை இறக்கிவிட்டு இடது தோளைச் சுழற்றிக்கொண்டார், உதட்டைத் துடைத்தார், மறுபடி ஊத ஆரம்பித்தார். நாங்கள் ஒருமுறை வந்து சேர்கிறோம். அவர் நாள் முழுக்க அடுத்தவர்களின் வருகைக்கு வாசிக்கிறார்.

பழைய ஆவணங்களைப் பார்த்தால் இந்த மறதி எப்பவும் இருந்ததல்ல. 12ஆம் நூற்றாண்டின் கலிக்ஸ்டைன் சுவடியில் ஒரு பிரசங்கம் இருக்கிறது. பேராலயத்துக்குள் ஜெர்மானியர், பிரெஞ்சுக்காரர், இத்தாலியர் எல்லாம் மெழுகுவர்த்தியோடு கூட்டம் கூட்டமாக நிற்பதைச் சொல்லி, என்னென்ன கருவிகள் வாசிக்கப்பட்டன என்று பட்டியலே போடுகிறது. அங்கே இசைக்கிறவரும் யாத்திரீகர்தான்.

அடுத்தது, மாஸ்டர் மத்தேயு செதுக்கிய மகிமை வாசல். அதன் விட்டத்தில் பொறித்த ஆண்டு 1188. வளைவு முழுக்க 24 மூப்பர்கள், பலர் கையில் வாத்தியம். உச்சியில் இருவர் ஒரே கருவியை மடியில் வைத்திருக்கிறார்கள்: ஒருவர் கைப்பிடியைச் சுற்ற, மற்றவர் விசையைக் கவனிக்கணும். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. இந்த மூப்பர்களில் பலர் பக்கத்தில் இருப்பவரோடு பேசுகிற மாதிரியும், சுருதி சேர்க்கிற மாதிரியும் உட்கார்ந்திருக்கிறார்கள். சிற்பி இசையை மட்டுமல்ல, இசைக்கு முந்தைய வேலையையும் பார்த்திருக்கிறார். முகத்துக்கு முகம் வித்தியாசமும் கொடுத்திருக்கிறார்.

இன்றைக்கு அந்தக் கல் வாத்தியக்காரர்களைப் பார்க்க டிக்கெட் எடுக்கணும். வளைவில் இருக்கிற உயிருள்ளவரை இலவசமாகக் கேட்டுவிட்டுப் போகலாம். நாமும் பத்து செகண்ட் வீடியோவில் அவரை ஓரமாக வெட்டிவிட்டு, சத்தத்தை மட்டும் நம் வெற்றிக்குப் பின்னணி இசை ஆக்கிக்கொள்கிறோம்.

அந்த அழுகை பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நல்ல பயணக் குறிப்பு, தன் கண்ணீருக்குக் காரணமான ஆளின் தோள்வலியையும் பார்த்திருக்கணும். அடுத்து நடக்கப் போகிறவர்கள் இரண்டு பாட்டு நேரம் நின்று, நாணயத்தைப் போட்டு, "இது என்ன மெட்டு?" என்று கேளுங்கள். முய்ஞெய்ரா என்று அவர் சொல்லலாம், அல்போராதா என்றும் சொல்லலாம். எது சொன்னாலும் அதை எழுதுங்கள்.