அவனை என்கவுன்டர் பண்ணிட்டாங்க

2015 ஏப்ரல் 7 அதிகாலையில், திருப்பதியை அடுத்த சேஷாசலம் காட்டில் 20 பேரை ஆந்திரச் செம்மரக் கடத்தல் தடுப்புப் படை சுட்டுக் கொன்றது. எல்லோரும் திருவண்ணாமலை, தருமபுரி, சேலம் பக்கத்துக் கூலித் தொழிலாளர்கள். பலர் மலையாளிப் பழங்குடியினர். நடந்ததற்குச் செய்திகள் வைத்த பெயர் என்கவுன்டர்.

'எதிரே' என்று பொருள்படும் லத்தீன் 'கான்ட்ரா'வில் பிறந்து, பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போன சொல் இது. எதிரியை நேருக்கு நேர் சந்திப்பது என்பதே பழம்பொருள். அதில் சாவு இல்லை. சாவை ஏற்றியது நம் நாட்டுப் போலீஸ் வழக்கு. சந்திப்பு என்றாலே இரண்டு தரப்பு வேண்டும். கல்லாலும் கோடரியாலும் தாக்கினார்கள், தற்காப்புக்குச் சுட்டோம் என்றது படை. போலீசில் ஒருவரும் சாகவில்லை. ஆக, விசாரணையில் நிரூபிக்க வேண்டிய வாதத்தை, விசாரணைக்கு முன்பே இந்தச் சொல் உண்மையாக்கிவிடுகிறது.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 1993 ஏப்ரல் 9 அன்று பாலாறு அருகே வீரப்பன் கும்பல் வைத்த கண்ணிவெடியில் 22 பேர் மாண்டார்கள். காட்டில் போலீஸ் உயிரைப் பணயம் வைத்துப் போரிட்ட நாட்கள் உண்டு. அப்படி நடந்தது என்று நிறுவப்பட்ட இடத்தில் 'மோதல்' என்றே எழுதலாம், தவறில்லை.

டீக்கடைப் பேச்சு செய்தி மொழியைவிட நேர்மையானது. "அவனை என்கவுன்டர் பண்ணிட்டாங்க" என்கிறார்கள். மோதல் என்றால் 'அவனோடு' என்றல்லவா வர வேண்டும்? 'அவனை' என்ற அந்த ஐ உருபு, செய்தவர் ஒருபக்கம், செய்யப்பட்டவர் மறுபக்கம் என்று காட்டிக்கொடுத்துவிடுகிறது. மனித உரிமை ஆர்வலர்களின் 'போலி என்கவுன்டர்' எனக்கு ஒப்பவில்லை. போலி என்று நிரூபிக்கும் சுமையை அது செத்தவன் வீட்டார் தலையில் வைக்கிறது.

2014 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் 16 நெறிமுறைகளை வகுத்தது. இத்தகைய சாவு எதுவானாலும் முதல் தகவல் அறிக்கை வேண்டும், சுதந்திரமான புலனாய்வு வேண்டும், மாஜிஸ்திரேட் விசாரணையும் வேண்டும். சட்டமே இன்னும் முடிவு சொல்லாத நேரத்தில் நிருபர் முடிவு சொல்லக்கூடாது. விசாரணை முடியும்வரை 'என்கவுன்டர்' செய்தித்தாளில் வரவே கூடாது என்பதே என் தீர்ப்பு. தலைப்பில் இடமில்லை என்று சொல்லவும் முடியாது. '20 பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது' என்பது ஒரு வரிதான்.