பித்தளை நகரம்: அழகுக்கும் நீதிக்கும் இடையே

ஜின்களைப் பற்றிய கதைகள் நமக்குப் புதியன அல்ல. நபி சுலைமான் (அலை) அவர்களுக்கு ஜின்கள் பணிபுரிந்த செய்தியைத் திருக்குர்ஆனில் ஓதி வளர்ந்தவர்கள் நாம். அந்நபியின் வரலாற்றை வண்ணக்களஞ்சியப் புலவர் ‘இராஜநாயகம்’ எனும் காப்பியமாகத் தமிழுக்குத் தந்திருக்கிறார். ‘அல்ஃப் லைலா வ லைலா’வை அரபு மூலத்தில் படித்தோர் ‘மதீனத்துந் நுஹாஸ்’ எனும் பித்தளை நகரத்தின் கதையையும் அறிவர். எனவே, நம் மாணவியருள் ஒருவர் ‘தி சிட்டி ஆஃப் பிராஸ்’ என்ற ஆங்கில நாவலைக் கொண்டுவந்து, “ஹஜ்ரத், இதை நாங்கள் வாசிக்கலாமா?” என்று வினவியபோது, விடை கூறுமுன் நாமே அதை முழுமையாக வாசித்துவிட எண்ணினோம். வாசித்து முடித்த பின்னரோ, விடை கூறுவது எளிதாக இல்லை.

2017ஆம் ஆண்டில் வெளிவந்த இந்நாவலின் ஆசிரியை எஸ்.ஏ. சக்ரபோர்த்தி, இளம் வயதில் இஸ்லாத்தைத் தழுவிய அமெரிக்கர். 2019, 2020ஆம் ஆண்டுகளில் வெளிவந்த இரு நூல்களுடன் சேர்ந்து இது ஒரு முந்நூல் தொகுதியாகிறது. கதை, பிரெஞ்சுப் படை கெய்ரோவைக் கைப்பற்றியிருந்த பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்குகிறது. ஏமாற்றிப் பிழைக்கும் நஹ்ரி என்ற அனாதைப் பெண், ‘ஸார்’ எனப்படும் பேயோட்டும் சடங்கொன்றில் விளையாட்டாகப் பாடிய பாட்டு, தாரா என்னும் ஜின் வீரனை அவள்முன் கொண்டுவந்து நிறுத்துகிறது. பித்தளை மதில் சூழ்ந்த தேவாபாத் நகருக்கு இருவரும் பயணமாகின்றனர். வழியில் காதல் அரும்புகிறது.

நிறைகளை முதலில் சொல்லிவிடுவதே நேர்மை. மேற்கின் மாயப் புனைவுகளில் முஸ்லிம் பெரும்பாலும் கொடியவனாகவோ வெறும் அலங்காரப் பொருளாகவோ வருவான். இங்கே பாங்கொலியும் தொழுகையும் அன்றாட வாழ்வின் இயல்பான பகுதிகளாக இடம்பெறுகின்றன. இளவரசன் அலீ இறையச்சமுள்ளவன். அவன் பக்தி கேலிக்குரியதாக்கப்படவில்லை. ஆனால் அவன் வெகுளி. ‘ஷஃபித்’ எனப்படும், மனிதக் குருதி கலந்த ஏழை ஜின்களுக்காக அவன் மறைவில் வழங்கிய பணம் ஆயுதங்களாகவும் மாறிவிடுகிறது. நல்ல நோக்கம் மட்டும் போதாது, விழிப்பும் வேண்டும் என்பதை ஆசிரியை உபதேசமின்றி உணர்த்திவிடுகிறார்.

ஆட்சியைப் பற்றிய அவரது பார்வையும் ஆழமானது. அலீயின் மூதாதை, ஷஃபித்களுக்காகவே வாளேந்தி அரியணையைக் கைப்பற்றினார். அவர் வழிவந்த கஸ்ஸான் மன்னனின் ஆட்சியிலோ அதே ஷஃபித்கள் சேரிகளில் வாடுகின்றனர். குலப்பற்றாகிய ‘அஸபிய்யா’ ஓர் அரசை எழுப்புவதையும், அரண்மனைச் சுகத்தில் அது நீர்த்துப்போவதையும் இப்னு கல்தூன் 1377ஆம் ஆண்டில் எழுதிய ‘முகத்திமா’வில் விளக்கினார். அவ்விளக்கத்திற்குப் புனைவில் ஓர் எடுத்துக்காட்டு வேண்டுவோர்க்கு இந்நாவலைத் தயங்காமல் காட்டலாம்.

இனி நம் மனக்குறைகள். நாவலில் சுலைமான் நபி ஜின்களின் ஆற்றலைப் பறித்து, அவர்களை ஆறு குலங்களாகப் பிரித்து, தம் முத்திரையை ஒரு ஜின் பெண்ணிடம் ஒப்படைப்பதாக வருகிறது. இது முற்றிலும் கற்பனை. கற்பனை என்று தெரிந்து வாசிப்போர்க்குத் தீங்கில்லை. நபிமார் வரலாற்றை முறையாக அறியுமுன் இதை வாசிக்கும் இளையோர்க்கு இரண்டும் குழம்பிவிடக்கூடும்.

இதனினும் பெரிய குறை காதலைப் பற்றியது. தாரா யார்? குயி-ஸி என்ற நகரத்து மக்களைக் கொன்று குவித்து, அக்கொடுமையின் பெயராலேயே அஞ்சப்படுபவன். இஃப்ரீத்களிடம் நெடுங்காலம் அடிமைப்பட்டுத் துயருற்றவன் என்பதும் உண்மையே. ஆயினும் அவனுடைய மரகத விழிகளும், கோபமும், தனிமையும் நம் நெஞ்சில் பதியுமளவிற்கு, அவனால் மாண்டோர் பதிவதில்லை. அவர்கள் ஒரு பெயரின் பின்னால் மறைந்துவிடுகின்றனர். முடிவில் தாரா வீழும்போது நமக்கு இரக்கம் சுரக்கிறது. கொல்லப்பட்டோர்க்காகச் சுரக்காத இரக்கம் கொன்றவனுக்காகச் சுரப்பது எவ்வகை நீதி? அழகு, நீதியின் இடத்தைப் பறித்துக்கொள்வது இவ்விடத்தில்தான்.

ஆசிரியை இதை அறியாதவரல்லர். மூன்றாம் நூலின் முடிவில் தாராவுக்குக் காதல் பரிசாகக் கிடைப்பதில்லை. அடிமைத்தளையில் இன்னும் சிக்கியுள்ள ஜின்களை விடுவிப்பதே அவன் மேற்கொள்ளும் பரிகாரம். ஆனால் முதல் நூலோடு நின்றுவிடும் வாசகர் அவ்விடம்வரை வருவதில்லை.

பழைய பித்தளை நகரக் கதை இங்கே நினைவுக்கு வருகிறது. கலீஃபா அப்துல் மலிக்கின் விருப்பப்படி, ஜின்கள் அடைக்கப்பட்ட குடங்களைத் தேடிச் செல்கிறார் மூஸா இப்னு நுஸைர். அவர் காணும் நகரில் செல்வம் உண்டு, உயிர் இல்லை. எங்கும் மரணத்தை நினைவூட்டும் வாசகங்கள். உடன் சென்ற தாலிப், எச்சரிக்கையை மீறி, இறந்து கிடக்கும் அரசியின் அணிகலன்களுக்குக் கை நீட்டி உயிரிழக்கிறான். அக்கதை அழகைக் காட்டும்போதே அதன் விலையையும் காட்டிவிடுகிறது. புதிய நாவலில் அழகு முதலில் வருகிறது. விலை மிகத் தாமதமாகவே தெரியவருகிறது.

“வாசியுங்கள். ஆனால் தாராவுக்காக மனம் இளகும் இடத்தில் நூலைச் சற்று மூடிவைத்து, குயி-ஸி மக்களை எண்ணிப் பாருங்கள்” என்று மாணவியிடம் கூறினோம். அவர் சிறிது தயங்கி, “நான் முன்பே வாசித்துவிட்டேன் ஹஜ்ரத். தாராவுக்காக அழுதும்விட்டேன்” என்றார்.

அவ்விடத்தில் நம் கண்களும் கலங்கியதை அவரிடம் மறைக்க நமக்கு மனம் வரவில்லை. கலங்கியது குற்றமன்று, எதற்காகக் கலங்கினோம் என்று கேளாதிருப்பதே குற்றம். அக்கேள்வியை நம்மிடம் எழுப்பிய அளவில் இந்நாவலுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.