கீ சொல்லும் ஆப், ஸா சொல்லாத ஆப்

கடலூர், சிதம்பரம் பக்கம் மவுத் ஆர்கன் வாசிக்கிற நண்பர்கள், பாட்டின் ‘கீ’ தெரிய ஆப்பைத்தான் தட்டுகிறார்கள். சட்டென்று பதில் வருது, மறுக்கலை. ஆனா நம்ம பாட்டுக்கு அது பாதிப் பதில்தான்.

‘அக்னி நட்சத்திரம்’ (1988) படத்தின் ‘நின்னுக்கோரி வர்ணம்’ மோகன ராகம். மோகனத்தை ஒரு கட்டையில், அதாவது ஸி-யில் வைத்தால், ஸ்வரங்கள் ஸி, டி, இ, ஜி, ஏ. இதே ஐந்தையும் ஏ-யை ஸட்ஜமாக வைத்து வாசித்தால் ஆறு கட்டை சுத்த தன்யாசி! ஸ்வரங்களை மட்டும் எண்ணும் ஆப், ஸி மேஜரா ஏ மைனரா என்று இங்கேதான் தடுமாறும். பத்துத் துளை ஸி மவுத் ஆர்கனில் இரண்டு ராகமும் வரும். அதனால் வாத்தியம் சரியாக இருந்தும், நிற்கிற இடம் தப்பினால் ராகமே மாறிப்போகும்.

1929-இலேயே இசைக் கல்லூரி கண்ட ஊர் சிதம்பரம். சுருதி சேர்த்த பிறகே பாட்டு என்பது அங்கே புதுசில்லை. ஆப்பைக் கேளுங்க, தப்பில்லை. ஆனால் பல்லவி முடிந்து பாட்டு எங்கே போய் உட்காருதோ, அந்த ஸ்வரத்தை முனகிப் பார்த்து மவுத் ஆர்கனில் தேடுங்க. அதுதான் ஸா.