குறும்பு மட்டும் போதுமா?

கண்டிப் பிரதேசத்து முஸ்லிம் சிறுகதைகளை வாசிக்கையில் ஒரு சொல் அடிக்கடி என்னை நெருடுகிறது. அக்குறணையிலோ மடவளையிலோ வாழும் உம்மா, மதிலேறிக் குதிக்கும் மகனைப் பார்த்து, "குறும்பு செய்யாதே" என்கிறாள். அங்கே பேசுவது பாடநூல். உம்மாவின் வாயில் வருவது, "ஷைத்தானே, சும்மா இரி" என்பதுதான். கோபம் சற்று ஆறினால் "குழப்படிக்காரன்" என்பாள்.

இச்சொற்களை ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்றை வைத்து எழுதிவிட முடியாது. 'குழப்படி' ஒழுங்கு குலைவதைப் பார்க்கிறது. 'சேட்டை' வடமொழியில் அசைவைக் குறித்த சொல். பக்கத்து வீட்டுச் சிங்களத் தாய் 'தங்ககாரயா' என்கிறாள். 'தங்கலனவா' என்றால் நெளிந்து துள்ளுவது. நமது உம்மாவோ மார்க்கம் எச்சரித்த பகைவனின் பெயரையே பிள்ளைக்குச் சூட்டுகிறாள். சூட்டிவிட்டுச் சிரிக்கவும் செய்கிறாள். அச்சமும் வாஞ்சையும் அந்த ஒரு சொல்லில் சேர்ந்திருக்கின்றன.

இவ்வழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. ஹூத் அத்தியாயத்தின் 105ஆம் வசனத்தில் நற்பேறு பெற்றவருக்கு எதிராக நிற்கும் 'ஷகிய்' என்னும் சொல், எகிப்தியர் பேச்சில் குழப்படிக்காரப் பிள்ளையைக் குறிக்கிறது. உருதுவின் 'ஷராரத்', தீமையைச் சுட்டும் 'ஷர்' என்ற அரபுச் சொல்லின் வழிவந்தது. ஆங்கிலத்தின் 'சில்லி' எதிர்த்திசையில் சென்று, அருள் பெற்றவரைக் குறித்த நிலையிலிருந்து அசடரைக் குறிக்கும் நிலைக்கு இறங்கியது.

கண்டியில் 1838இல் பிறந்த சித்திலெப்பை, 1885இல் 'அசன்பே சரித்திரம்' எழுதியபோது கெய்ரோவையே தமிழ் நாவலுக்குள் கொண்டுவந்தார். நமது அடுப்படியைக் கதைக்குள் கொண்டுவர நாம் ஏன் கூச வேண்டும்?

பிள்ளையை ஷைத்தான் என்று அழைக்கலாகாது என்போர் உளர். நியாயமான அறிவுரை, வீட்டில் கடைப்பிடிப்போம். ஆனால், உம்மா எப்படிப் பேசவேண்டும் என்று போதிப்பது கதையின் வேலையன்று. நமது பேச்சைப் பிறர் நையாண்டி செய்வார்களே என்ற தயக்கமும் சிலருக்கு உண்டு. மறைப்பதால் அது தீராது. அதே பேச்சில் துயரத்தையும் கோபத்தையும் எழுதிக் காட்டினால், நையாண்டி தானே அடங்கும்.

அந்த உம்மாமாரின் தலைமுறை மறைந்துகொண்டிருக்கிறது. அவர்கள் எப்படி ஏசினார்கள், ஏசிய கையோடு எப்படி அணைத்துக்கொண்டார்கள் என்பதை நமது கதைகள் எழுதிவைக்காவிட்டால், பிறகு யாரிடம் போய்க் கேட்பது?