வேட்டையாளர் பார்வையில் மரை

தமிழ் கற்பிப்போர் வேட்டையாளர் எழுதிய நூல்களைப் பெரும்பாலும் தொடுவதில்லை. அவை ஆங்கிலத்தில் உள்ளவை, கொலையைக் கொண்டாடுபவை, நமக்குத் தொடர்பற்றவை என்பன நாம் வழக்கமாகக் கூறும் காரணங்கள். முதலிரண்டும் பெரிதும் உண்மை. மூன்றாவது உண்மையன்று. நம் குறிஞ்சிப் பாடல்களில் உலவும் விலங்குகளைக் காட்டிலேயே நெடுநாள் நோக்கியிருந்து எழுதி வைத்தோர் கடந்த இருநூறு ஆண்டுகளில் மிகச் சிலரே. அவருள் பலர் கையில் துப்பாக்கி இருந்தது. ஆகவே, அவர்தம் கூற்றுகளை ஒரு வகை இலக்கியமாகக் கொண்டு, நம் பழம்பாடல்களோடு ஒருங்கு வைத்து ஆராய்தல் வேண்டும். ஈண்டு மரை என்னும் ஒரு விலங்கை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

வேட்டையாளர் ஒரு விலங்கைப் பற்றிக் கருத்துரைக்கும் முறையே தனி. ஆப்பிரிக்காவில் ஆற்றோரங்களில் வாழும் 'வாட்டர்பக்' என்னும் மானினம் ஒன்று உண்டு. பெயரை நீர்மான் எனத் தமிழாக்கலாம். வளையம் வளையமாக வரி விழுந்து முன்னோக்கி வளையும் அதன் கொம்பு அழகியது என்பர். பின்புறத்தில் வட்டமிட்ட வெள்ளைக் கோடு தொலைவிலேயே அதனைக் காட்டிக்கொடுக்கும். ஆனால், உடலில் எண்ணெய்ப் பசையும் ஒருவித நாற்றமும் உண்டு. இறைச்சி உண்ணத் தகுதியற்றது என்பார் ஒரு சாரார், பக்குவமாக உரித்தால் குற்றமில்லை என்பார் மறுசாரார். கொம்பு ஆணுக்கே உண்டு. ஆகவே பெண்ணைப் பற்றி எவரும் வாதிடுவதில்லை. கொம்பு, தோல், ஊன், குண்டடி பட்டபின் ஓடும் தொலைவு: இந்நான்கே அவர்தம் திறனாய்வின் அளவுகோல். இவற்றுள்ளும் தலையாயது கொம்பு. சுவரில் தொங்கப் போவது அதுதானே!

இனி மரைக்கு வருவோம். ஆங்கிலேயர் 'சாம்பர்' என்றும் மலாய்க்காரர் 'ரூசா' என்றும் வழங்கும் பெருமானே இது. நெல்லைச் சீமையிலும் குமரி நாட்டிலும் மிளா என்பர். கடமான் என்பது பொது வழக்கு. ஈழத்தமிழர் மட்டும் மரை என்னும் பழம்பெயரை இன்றும் பேச்சில் காத்து வருகின்றனர். சங்கப் பாடல்களில் வரும் மரையைக் காட்டுப்பசு வகை எனக் கொள்வாரும் உளர். எனினும், தழை மேய்தல், நெல்லி உண்ணல், சுனை நாடல் ஆகிய பழக்கங்களைச் சேர்த்துப் பார்க்கும்போது ஈழத்து வழக்கே பொருந்துவதாகத் தோன்றுகிறது.

ஈழத்து மரையை ஆங்கில வாசகர்க்கு அறிமுகம் செய்தவருள் முதன்மையானவர் சாமுவேல் பேக்கர். பிற்காலத்தில் நைல் நதியின் மூலத்தைத் தேடிச் சென்று புகழ்பெற்ற அதே பேக்கர்தாம். 1846இல் இலங்கைக்கு வந்து, 1848இல் நுவரெலியாவில் குடியேறினார். இன்று நம் மலையகத் தமிழர் தேயிலை கொய்யும் அம்மலைகள் அக்காலத்தில் அடர்காடுகள். 1854இல் வெளிவந்த அவருடைய இலங்கை வேட்டை நூல் மரையை 'எல்க்' என்றே குறிக்கிறது. எல்க் என்பது ஐரோப்பாவின் வடபுலத்தில் வாழும் முற்றிலும் வேறான விலங்கு. நீலமலை வரையாட்டை 'ஐபெக்ஸ்' என்றும், காட்டெருதைப் 'பைசன்' என்றும் அழைத்ததும் இவ்வினத்தவரே. மண்ணில் வழங்கிய பெயரைக் கேளாமல் தம் நாட்டுப் பெயரைச் சூட்டுவதில், அவ்விலங்கின் மீது ஒருவகை உரிமை கொண்டாடுதலும் அடங்கியிருக்கிறது என்பது என் கருத்து.

பேக்கர் மரையை வேட்டைநாய்களை ஏவித் துரத்தினார். இறுதியில் கத்தியால் கொன்றார். எட்ட நின்று சுடுவதினும் இதுவே வீரம் என்பது அவர் பெருமிதம். நாய்களால் துரத்தப்பட்ட மரை ஓடிக் களைத்து ஆற்றிலோ மடுவிலோ இறங்கும். நீர் மார்பளவு வர நின்று, முன்னங்காலாலும் கொம்பாலும் நாய்களை எதிர்க்கும். நீந்தி வரும் நாய்க்குக் கால் ஊன்ற இடமில்லை, மரைக்கு உண்டு. இந்த நீர்நிலைப் போர்க்காட்சிகள் பேக்கர் நூலில் திரும்பத் திரும்ப வருகின்றன. விறுவிறுப்பான நடை, மறுப்பதற்கில்லை. அருவியின் ஓசை, பனிமூட்டம், நாய்களின் குரல் அனைத்தும் நம் செவியிலும் கண்ணிலும் படுகின்றன. ஆனால், மரை அந்நீர்நிலைக்கு நேற்று எதற்காக வந்தது, நாளை உயிரோடிருந்தால் எதற்காக வரும் என்னும் வினாக்களுக்கு அக்காட்சிகளில் இடமே இல்லை.

அதே விலங்கு, அதே மலைநீர், குறுந்தொகை 317ஆம் பாடலில். தலைவன் பிரிவால் வருந்தும் தலைவியைத் தோழி தேற்றுகிறாள். அவன் நாட்டைச் சொல்ல வந்தவள், கருநரை நிறமுடைய மரையேறு ஒன்றைக் காட்டுகிறாள். அது புளிப்பும் இனிப்பும் கலந்த நெல்லிக்கனியைத் தின்கிறது. அருகில் தேன் நிறைந்த மலர்கள். அது விடும் வெம்மூச்சில் அவை நடுங்குகின்றன. பின்னர் உயர்ந்த மலையின் பசிய சுனையில் நீர் பருகுகிறது. அவ்வளவே. கொம்பைப் பற்றி ஒரு சொல் இல்லை. பேரேறு ஒன்றைப் பாடும் புலவர் கொம்பை விட்டுவிட்டு மூச்சைப் பாடினார்! அம்மூச்சின் ஆற்றல் மலரின் நடுக்கத்தால் அளக்கப்படுகிறது. அந்நடுக்கத்தைக் காண எவ்வளவு அருகில் எவ்வளவு அசையாமல் நின்றிருக்க வேண்டும் என்று எண்ணிப் பார்த்தால், இப்புலவருக்கோ இவருக்கு இதனைச் சொன்னவருக்கோ வேட்டையாளனின் பொறுமை இருந்தது புலப்படும்.

நெல்லி தின்றபின் நீர் பருகினால் நீர் இனிக்கும் என்பது சிறுபிள்ளையும் அறிந்தது. தலைவனும் அவ்வாறே முன்பு நுகர்ந்த இன்பத்தின் நினைவோடு இங்கு வந்தே தீருவான் என்னும் குறிப்பை உள்ளுறையாகக் கொள்ளலாம். புறநானூற்று 170ஆம் பாடலிலும் மரையும் நெல்லியும் சேர்ந்தே வருகின்றன. மான்கள் நெல்லிக்கனியை விரும்பி உண்டு, அசைபோடும்போது கொட்டையை உமிழ்ந்து காட்டில் பரப்புகின்றன என்பதை இந்தியக் காட்டியல் ஆய்வாளர் இந்நூற்றாண்டில் கண்டு எழுதியுள்ளனர். புலவர் அதை விதைபரவல் ஆராய்ச்சியாக எழுதவில்லை, கண்டதை எழுதினார்.

கபிலர் பாடிய குறுந்தொகை 115இலோ பெண்மரை வருகிறது. மூங்கில் அசையும் குளிர்ந்த சாரலில் தழை மேய்ந்து, மெல்ல நடந்து, உறங்குகிறது. கொம்பற்ற அவ்வுயிர் வேட்டை நூல்களில் எவருக்கும் பொருட்டில்லை.

பொருட்டில்லாமை அதற்கு ஒருவகையில் நன்மையாகவும் முடிந்தது. பெண்மானையும் குட்டியையும் சுடலாகாது என்பது ஆங்கில வேட்டையாளர் தமக்குள் போற்றிய நெறி. இந்நெறியை அவர்தம் பண்பாட்டின் கொடையாகப் பேசுவோர் பெரியபுராணத்தைப் புரட்டிப் பார்த்தல் நலம். கண்ணப்பர் வேட்டையை வருணிக்கும் சேக்கிழார், யானைக்கன்றையும் சிறு குருளைகளையும் கருவுற்றுத் தளர்ந்து நடக்கும் பிணைகளையும் அவ்வேடர் வருத்தவில்லை என்று பாடுகிறார். காலம் 12ஆம் நூற்றாண்டு. இரு நெறிகளும் ஒரே இடத்தில் முடிந்தாலும் தொடங்கும் இடம் வேறு. சேக்கிழாரின் வேடர் விட்டது கருவைக் கண்டு. ஆங்கிலேயர் பெண்மானை விட்டதற்கு இனப்பெருக்கம் கருதியது ஒரு காரணம். சுவருக்குப் பயன்படாது என்பது மற்றொன்று.

கொம்பின் கதை இன்னும் சிறிது விரிந்தது. 1892இல் லண்டனில் ரோலண்டு வார்டு என்பவர் உலகத்து வேட்டை விலங்குகளின் கொம்பளவுகளைப் பட்டியலிட்டு நூலாக்கினார். தோலுரித்துப் பாடம் செய்வது அவர் தொழில். அந்நூல் பதிப்புமேல் பதிப்பாக வளர்ந்தது. அதன்பின் ஒரு மானின் தகுதி அங்குலத்தில் அமைந்தது. ஒரு மீட்டருக்கு மேல் கொம்பு வளரும் இந்திய மரை உயர்ந்தது; நம் மலாய் நாட்டு ரூசாவின் கொம்பு அதற்கு ஈடாகாமையால் அது தாழ்ந்தது. மரையின் கொம்போ பசுவின் கொம்பு போல் நிலையானதன்று. உதிர்ந்து மீண்டும் முளைப்பது. முளைக்கும் பருவத்தில் மென்தோல் போர்த்திருப்பது. ஆகவே, ஒரே மரை சில மாதம் விரும்பத்தக்கதாகவும் சில மாதம் பயனற்றதாகவும் மதிக்கப்பட்டது! விலங்கு மாறவில்லை, தலையில் இருந்தது மாறிற்று.

வேட்டையில் கிடைத்ததை என் செய்வது என்பதில் நம் பழம்பாடல்கள் காட்டும் உலகம் வேறு. புறநானூற்று 150இல் வன்பரணர் நள்ளியைப் பாடுகிறார். பசித்து இளைத்துக் காட்டில் அமர்ந்திருக்கும் பாணர் கூட்டத்தின் முன், மான் வேட்டையாடிய குருதிக் கால்களோடு ஒருவன் வருகிறான். தீக்கடைகோலால் தீ மூட்டி, ஊனைச் சுட்டுத் தந்து உண்பிக்கிறான், அணிகலனும் தருகிறான். பெயரைக் கேட்டால் சொல்லவில்லை. அவன் நள்ளி என்பதை வழியில் பிறர் சொல்லத்தான் புலவர் அறிகிறார். வேட்டைப் பொருள் ஊனாகப் பிறர் வயிற்றில் சேர்ந்தது. வேட்டையாளன் பெயர்கூட எஞ்சவில்லை. புறநானூற்று 33இல் வேட்டுவன் மான்தசையைக் கொடுத்து நெல் பெறுகிறான். பெரும்பாணாற்றுப்படையில் எயினர் குடிலில் ஈன்ற தாய் குழந்தையுடன் படுத்திருப்பது மான்தோல் மேல்.

இவற்றைக் காட்டிச் சங்க வேட்டுவன் அருளாளன் என்று மேடையில் முழங்குவோர் உளர். அதனை நான் ஏற்பதற்கில்லை. புறநானூற்று 152இல் வல்வில் ஓரியின் ஓரம்பு யானையை வீழ்த்திப் புலியைக் கொன்று மானை உருட்டிப் பன்றியைச் சாய்த்து உடும்பில் சென்று செறிகிறது. அங்குலக் கணக்கு இல்லையே தவிர, அதுவும் ஒரு பட்டியல்தான்; புலவர் வியந்து எண்ணுகிறார். எண்ணிப் பெருமை கொள்ளும் இயல்பு எந்நாட்டு வேட்டையாளனுக்கும் உரியது.

மறுபக்கத்துக்கும் நீதி செய்ய வேண்டும். புலி நடமாடும்போது மரை எழுப்பும் எச்சரிக்கைக் குரலைப் பெரிதும் நம்பலாம் என்பது வேட்டையாளரிடையே நிலவிய மதிப்பு. இது கொம்பைப் பற்றிய கருத்தன்று. காட்டின் மொழியைக் கற்றவர் கருத்து. நம் நாட்டில் இதற்குச் சிறந்த சான்று தியோடர் ஹப்பக். 1905இல் அவர் எழுதிய நூலின் தலைப்பு யானையையும் செலாடாங் என்னும் காட்டெருதையும் மட்டுமே குறிப்பிடுகிறது; ரூசாவுக்குத் தலைப்பில் இடமில்லை. பதிப்பித்தது மேற்சொன்ன ரோலண்டு வார்டு நிறுவனமே. கொம்பளக்கும் நிறுவனத்தின் எழுத்தாளராகத் தொடங்கிய அவர், பிற்காலத்தில் விலங்குகளுக்காக வாதாடுபவரானார். துப்பாக்கியை விட்டுப் புகைப்படக் கருவியை ஏந்தினார். மலாயாவின் வனவிலங்கு விசாரணை ஆணையராக அவர் தந்த அறிக்கை 1932இல் மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. பகாங், கிளந்தான், திரெங்கானு மூன்றிலும் பரந்து கிடக்கும் இன்றைய தாமான் நெகாரா, அவர் முயற்சியால் 1930களின் இறுதியில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தேசியப் பூங்காவாக அமைந்தது. அக்காலத்தில் காடழித்து ரப்பர் நட்ட கைகளுள் நம் முன்னோர் கைகளும் உண்டு என்பதை நினைக்கையில், அவரைத் துரையென ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை.

ஹப்பக் நூலின் தலைப்பில் இடம்பெறாத ரூசாவின் நிலை என்ன? உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2008இல் அதனை அழிவாய்ப்புள்ள இனமாக வகைப்படுத்தியது. தீபகற்ப மலேசியாவில் 2009இல் அதன் வேட்டை நிறுத்தப்பட்டு, 2015இல் அத்தடை நீட்டிக்கப்பட்டது. இங்கே அதனைக் குறைத்தது கொம்பாசை அன்று, இறைச்சியாசையும் காட்டழிவும். மலாயாப் புலிக்கு ரூசா பேருணவு. மான் அருகினால் புலியும் அருகும். நம் நாட்டுச் சின்னத்தில் இரு புலிகள் நிற்கின்றன.

இத்தனையும் கூறிய பின் நம் வகுப்பறையை நோக்காதிருத்தல் முறையன்று. மரை என்னும் சொல்லுக்கு நாம் எழுதிப் போடும் பொருள் 'ஒருவகை மான்'. மாணவன் அதைப் படியெடுத்துக்கொள்கிறான். தேர்வில் மதிப்பெண்ணும் பெறுகிறான். ரூசாவைத் தாமான் நெகாராவிலோ படத்திலோ கண்டிருந்தாலும், குறுந்தொகையில் நெல்லி தின்பது அதுவே என்று அவனுக்குத் தெரியாது. வேட்டையாளர் தலையையாவது மிச்சம் வைத்தனர். நம் சொற்பொருள் விளக்கம் அதனையும் வைக்கவில்லை. மலாய் ஆசிரியரிடம் கற்ற ரூசாவும் தமிழாசிரியரிடம் கற்ற மரையும் ஒன்றே என்று ஒரு வரி சேர்த்து எழுத எவ்வளவு நேரம் ஆகும்?

பினாங்குச் சந்தையில் நெல்லிக்கனி கிடைக்கும். 317ஆம் பாடலைத் தொடங்குமுன் ஆளுக்கொரு கனி கொடுத்துத் தின்னச் செய்து, ஒரு குவளை நீரும் பருகச் சொல்லலாம். உள்ளுறையை அவர்களே கூறிவிடுவர். மலர் ஏன் நடுங்கியது என்பதற்கு மட்டும் ரூசாவின் படம் ஒன்றைச் சுவரில் மாட்டி, அதன் மூக்கைச் சுட்டிக்காட்ட வேண்டியிருக்கும்.