குறிப்பும் இணைப்பும்: செயற்கை நுண்ணறிவுத் தூண்டுரைகளும் தொல்காப்பிய உரை ஆய்வும்

ஆய்வுச் சுருக்கம்

மூலநூல்களைச் செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் அளித்து, ஒன்றோடொன்று இணைந்த குறிப்புகளாக மாற்றிக்கொள்ளும் வழக்கம் ஆய்வாளரிடையே பரவி வருகிறது. இதற்குப் பயன்படும் தூண்டுரைகளின் பொது அமைப்பைத் தொல்காப்பிய உரைகளைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை மதிப்பிடுகிறது. கூற்று யாருடையது, இணைப்புக்குக் காரணம் யாது என்னும் இரண்டையும் கேட்காத தூண்டுரை, உரைநூலின் கருத்துகளைத் தொகுக்கும்போதே அதன் வாதத்தை இழக்கச் செய்கிறது என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: தூண்டுரை, இணைப்புக் குறிப்பு, உரைமரபு, தடை-விடை, திணை

முன்னுரை

ஜெர்மானியச் சமூகவியலறிஞர் நிக்லாஸ் லூமான் (1927-1998) ஏறத்தாழ 90,000 துண்டுக் குறிப்புகளைப் பெட்டிகளில் தொகுத்து வைத்திருந்தார். ஒவ்வொரு குறிப்புக்கும் நிலையான எண் உண்டு. ஒரு குறிப்பு மற்றொன்றின் எண்ணைச் சுட்டி அதனோடு இணையும். 1981இல் வெளியிட்ட கட்டுரையொன்றில் அப்பெட்டியைத் தம்மோடு உரையாடும் துணையாகவே அவர் விவரித்தார். அப்சிடியன் முதலான மென்பொருள்கள் இம்முறையைக் கணினிக்குக் கொண்டுவந்தன. ஆயினும் அண்மைக்காலம் வரை குறிப்பை எழுதுவதும் இணைப்பதும் ஆய்வாளரின் பணியாகவே இருந்தன. இப்போது அவ்விரண்டையும் மொழி மாதிரிகளிடம் ஒப்படைக்க முடிகிறது.

பிராம்ப்ட் எனப்படும் தூண்டுரை இப்பணிக்கெனப் பொதுவாக மூன்று கட்டளைகளை இடுகிறது. மூலத்தை ஒரு குறிப்புக்கு ஒரு கருத்தாகப் பிரித்தல், ஒவ்வொரு குறிப்பையும் தனித்து நின்று பொருள் தருமாறு எழுதுதல், தொடர்புடைய குறிப்புகளை இணைத்தல் என்பன அவை. அறிமுக நூல்களுக்கும் செய்திக் கட்டுரைகளுக்கும் இவை பெரிதும் பொருந்துகின்றன. தமிழ் உரைநூலுக்கு இவை பொருந்துமா என்பதே வினா.

கூற்றுக்கு உரியவர் யார்?

தொல்காப்பிய உரைகள் தடை-விடை முறையில் அமைந்தவை. உரைகாரர் எதிர்த்தரப்பின் கருத்தை முதலில் எடுத்துரைத்து, பின்னர் அதனை மறுத்துத் தம் முடிபை நிறுவுவார். எதிர்த்தரப்பின் கூற்று பெரும்பாலும் ‘எனின்’ என்னும் ஒரு சொல்லால் மட்டுமே வேறுபடுத்தப்படும். ஒரு குறிப்புக்கு ஒரு கருத்து என்னும் கட்டளைப்படி இப்பகுதியைப் பிரித்தால், மறுக்கப்பட்ட கருத்து ஒரு குறிப்பாகவும் மறுப்பு மற்றொரு குறிப்பாகவும் அமையும். முதற்குறிப்பைத் தனியே காண்பவர் அதனை உரைகாரரின் கொள்கையாகவே கொள்வார். உரைகாரர் தள்ளிய கருத்து அவர் பெயராலேயே ஆய்வேட்டில் இடம்பெறும் நிலை இவ்வாறு தோன்றுகிறது.

பெயர் வழக்கிலும் இத்தகைய இடர் உண்டு. சேனாவரையர் ‘உரையாசிரியர்’ என்று குறிப்பது இளம்பூரணரை. மரபறியாத வாசிப்பு அதனை உரை எழுதியோர் அனைவருக்கும் உரிய பொதுப்பெயராகக் கொள்ள இடமுண்டு. அவ்வாறு கொண்டால், இளம்பூரணரின் ஒரு கருத்தைச் சேனாவரையர் மறுத்தார் என்னும் வரலாற்றுச் செய்தி, உரையாளர் பலரும் கொண்டிருந்த கருத்தை அவர் மறுத்தார் என்னும் பிழையான செய்தியாக மாறிவிடும்.

உரைகளின் எல்லையும் கருதத்தக்கது. இளம்பூரணர் உரை நூல் முழுமைக்கும் உள்ளது. சேனாவரையர் உரை சொல்லதிகாரத்திற்கு உரியது. பேராசிரியர் உரை பொருளதிகாரத்தின் இறுதி நான்கு இயல்களுக்கே கிடைக்கிறது. அகத்திணையியல் பற்றிய கருத்தொன்றைச் சேனாவரையர் உரையின் பெயரால் தரும் குறிப்பு எத்துணைத் தெளிவாக எழுதப்பட்டிருப்பினும் ஐயத்திற்குரியது. அவ்வையம் எழுவதற்கு இவ்வெல்லையை ஆய்வாளர் முன்பே அறிந்திருத்தல் வேண்டும்.

இணைப்புக்குக் காரணம் யாது?

சொல்லதிகாரத்தில் திணை என்பது உயர்திணை, அஃறிணை என்னும் பாகுபாடு. பொருளதிகாரத்தில் அது குறிஞ்சி முதலாகிய அகத்திணைகளையும் வெட்சி முதலாகிய புறத்திணைகளையும் குறிக்கும். சொல் ஒன்றே என்பதனால் இவ்விரண்டையும் இணைக்கும் கருவி ஓர் இணைப்பை மட்டுமே தருகிறது. அவ்விணைப்பு ஒப்புமையைக் காட்டுகிறதா, வேறுபாட்டைக் காட்டுகிறதா, சொற்பொருள் வரலாற்றைக் காட்டுகிறதா என்பது விளங்குவதில்லை. ஆய்வுக்குரிய வினா தொடங்க வேண்டிய இடத்தில் வினா முடிந்துவிட்டதான தோற்றம் ஏற்படுகிறது.

மறுதலையாக, அகத்திணையியல் கூறும் உள்ளுறை உவமத்தையும் பொருளியல் கூறும் இறைச்சியையும் கருவி சரியாகவே இணைக்கக்கூடும். அவ்விணைப்பு நூற்பாவிலிருந்து பெறப்பட்டதா, உரையிலிருந்தா, பிற்காலத் திறனாய்வு நூல்களிலிருந்தா என்பதைக் குறிப்பு சொல்வதில்லை. மூலத்தின் கருத்தும் அதனைப் பற்றிய இக்கால விளக்கமும் ஒரே தளத்தில் நின்றுவிடுகின்றன.

இணைத்தல் தமிழுக்குப் புதியதன்று. நூற்பாவுக்குச் சான்றாகச் செய்யுளை மேற்கோள் காட்டும் உரைகாரர் இரு நூல்களை இணைக்கிறார். எனினும் அச்செய்யுள் இந்நூற்பாவின் எப்பகுதிக்குச் சான்றாகிறது என்பது அவர் காட்டும் இடத்தாலும் விளக்கத்தாலும் பெறப்படும். காரணத்தோடு கூடிய இவ்விணைப்பே தூண்டுரைகளுக்கும் அளவுகோலாகத் தக்கது.

தூண்டுரையைத் திருத்துதல்

இக்குறைகளைத் தூண்டுரையைத் திருத்தியே களையலாம் எனின், அது ஓரளவு உண்மையே. அதிகாரம், இயல், நூற்பா எண், பதிப்பு ஆகியவற்றை ஒவ்வொரு குறிப்பிலும் தருமாறு கேட்கலாம். நூற்பா எண் உரைதோறும் வேறுபடுதலின் பதிப்பு இன்றியமையாதது. கூற்று நூலாசிரியருடையதா, உரைகாரருடையதா, மறுக்கப்படும் தரப்பினதா என வகைப்படுத்தச் சொல்லலாம். தடையையும் விடையையும் பிரிக்காது ஒரே குறிப்பில் வைக்கச் சொல்லலாம். ஒவ்வோர் இணைப்புக்கும் ஒரு தொடரில் காரணம் கேட்கலாம்.

ஆயின் இத்தகைய தூண்டுரையை எழுத வல்லவர் உரையை முன்பே ஊன்றிக் கற்றவர். கற்றவருக்கு இக்கருவி நூற்றுக்கணக்கான பக்கங்களில் தேடவும் ஒப்பிடவும் உதவுகிறது. கற்றலுக்கு மாற்றாக இதனைக் கொள்ளும் தொடக்கநிலை ஆய்வாளருக்கோ, எது பிழை என்று அறியும் வாயிலையே இது அடைத்துவிடுகிறது. வேண்டுவோர் யாவரெனினும் கருவி ஒரே வகையான தெளிவோடு குறிப்புகளைத் தருவதால், இவ்வேறுபாடு வெளிப்பார்வைக்குப் புலனாவதில்லை.

முடிவுரை

கருவி தரும் இணைப்பு, மூலத்தோடு ஒப்புநோக்கப்படும் வரை பரிந்துரையாகவே கருதப்படுதல் வேண்டும். பயன்படுத்திய தூண்டுரையை ஆய்வேட்டின் ஆய்வு அணுகுமுறைப் பகுதியில் முழுமையாகத் தருவதும் தேவை. எவ்வினாவுக்கு எக்குறிப்பு விடையாக வந்தது என்பதை மதிப்பீட்டாளர் அறிய அதுவே வழி. நெறியாளர் தம் மாணவரிடம் குறிப்புகளின் எண்ணிக்கையைக் கேட்பதினும், ஓர் இணைப்பைச் சுட்டி அதன் காரணத்தை மூலநூலைத் திறந்து காட்டுமாறு கேட்பது பயன் தரும். அவ்வினாவுக்கு விடை கூற இயலும் குறிப்புகளே ஆய்வேட்டில் இடம்பெறத் தக்கவை.